7.2 சதுர மைல் செய்தியும் 139 சதுர மைல் ஊரும்

அமெரிக்காவில் மக்கள் வெளியேறி நலிந்த டெட்ராய்ட் நகரத்தின் பரப்பளவு ஏறக்குறைய 139 சதுர மைல். அதில் 7.2 சதுர மைலை மட்டும் தனியாக வெட்டி எடுத்து, ‘கிரேட்டர் டவுன்டவுன்’ (நகர மையமும் அதை ஒட்டிய பகுதிகளும்) என்று எல்லை போட்டு, அந்த எண்ணையே தலைப்பாக வைத்து 2013-ல் ஓர் அறிக்கை வந்தது. நகரத்தின் நிலத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு. அந்த அறிக்கை தன் எல்லையை அட்டையிலேயே சொல்லிவிட்டது. அதன் பிறகு நியூயார்க்கிலிருந்தும் வாஷிங்டனிலிருந்தும் வரிசையாக வந்த ‘டெட்ராய்ட் எழுந்துவிட்டது’ கட்டுரைகள்தான் எல்லையைச் சொல்லாமல் விட்டன.

அப்படி ஒரு கட்டுரை வெளியானால் உள்ளூரில் என்ன நடக்கும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்த காட்சி. மேயர் அலுவலகமும் வணிகர் சங்கமும் அதே நாளில் பகிர்வார்கள். மாலைக்குள் இன்னொரு கூட்டம் கொதிக்கும். ‘நாங்கள் எங்கேயும் போகவில்லையே, யார் திரும்பி வந்தது?’ என்பார்கள். ‘வெறும் பலகை’, ‘முன்னோடிகள்’, ‘அடுத்த புரூக்ளின்’ (நியூயார்க்கில் விலையேறிப்போன பகுதி) என்ற மூன்று சொல்லாட்சிகளில் ஏதாவது ஒன்று கட்டுரையில் இருந்தால் கொதிப்பு இரட்டிப்பாகும். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் இதை ‘இந்த ஊர்க்காரர்களுக்கு நல்லது சொன்னாலும் பிடிக்காது’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. அந்தக் கோபத்தின் பெரும்பகுதி கணக்குத் தகராறு. எந்த எல்லைக்குள் எண்ணினீர்கள், எந்த ஆண்டிலிருந்து எண்ணினீர்கள், காசு யாருடையது என்பவைதான் அதற்குள் இருக்கும் கேள்விகள். மூன்றுக்கும் பொது ஆவணங்களில் விடை இருக்கிறது. ஊர்க்காரர் சரியா, பத்திரிகை சரியா என்று யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

எல்லையைப் புரிந்துகொள்ள உட்வர்ட் அவென்யூ போதும். 2017 மே மாதம் ஓடத் தொடங்கிய க்யூலைன் டிராம் அந்தச் சாலையில் 3.3 மைல் போகிறது. காங்கிரஸ் தெருவில் ஏறினால் கிராண்ட் பூலவார்ட் வரை. வழியில் மைதானங்கள், புதுப்பித்த அலுவலகக் கோபுரங்கள், அருங்காட்சியகம், பல்கலைக்கழகம் எல்லாம் வந்துவிடும். இரண்டு இரவு தங்கும் நிருபர் பார்க்கும் நகரம் அநேகமாக இதுதான். ஆனால் உட்வர்ட் அங்கே முடிவதில்லை. நகரத்தின் வட எல்லையான எட்டு மைல் சாலை வரை போக வேண்டும் என்றால் நான்காம் எண் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அந்தப் பேருந்து ஹைலண்ட் பார்க் வழியாகப் போகும். டெட்ராய்ட்டால் ஏறக்குறைய நாற்புறமும் சூழப்பட்ட தனி நகராட்சி அது. மின் கட்டணப் பாக்கிக்காக 2011-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் பிடுங்கப்பட்ட ஊர். டிராம் பாதைக்கும் அதற்கும் நடுவில் சில மைல்தான் தூரம். பேருந்தில் ஏறியவர் எழுதும் கட்டுரையும் டிராமிலேயே திரும்பிவிட்டவர் எழுதும் கட்டுரையும் ஒரே ஊரைப் பற்றியவையாக இருக்க வாய்ப்பில்லை.

நிருபர் சோம்பேறி என்று இதற்குப் பொருள் இல்லை. பயணக் கட்டுரை உருவாகும் முறையே அப்படித்தான். விமானச் செலவும் விடுதிச் செலவும் இரண்டு மூன்று நாளுக்குத்தான் கிடைக்கும். நகர வளர்ச்சி அலுவலகமோ வணிகர் சங்கமோ சுற்றிக்காட்ட ஆள் தரும். கட்டட முதலாளி ஒருவர், புதிதாகக் கடை போட்ட இளைஞர் ஒருவர், மேயர் ஆகியோர் முன்கூட்டியே நேரம் ஒதுக்கியிருப்பார்கள். நாற்பது வருடமாக அங்கேயே குடியிருப்பவர் ஒருவர் ‘சமநிலைக்காக’ கட்டுரையின் கடைசிக் கால்பகுதியில் ஒரு பத்தியில் வருவார். அவருடைய தெருப் பெயர்கூட இருக்காது. உள்ளூர் நாளிதழ்கள் ஆள்குறைப்பில் மெலிந்துபோனதால், இதைச் சரிபார்த்து மறுநாளே எழுத உள்ளூரிலும் ஆள் குறைவு. மறுப்பு எழுத வேண்டிய இடத்தில் பலமுறை பெருமிதச் செய்திதான் வருகிறது: ‘நம்மைப் பற்றித் தேசியப் பத்திரிகை எழுதியிருக்கிறது’.

மக்கள்தொகையைப் பாருங்கள். 1950 கணக்கெடுப்பில் டெட்ராய்ட்டில் 18,49,568 பேர். 2010-ல் 7,13,777. 2020-ல் 6,39,111. 2013 ஜூலையில் சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு நகரம் திவால் மனு போட்டது. 2014 டிசம்பரில் அதிலிருந்து வெளியே வந்தது. அந்தப் பத்தாண்டு முழுவதும் மீட்சிக் கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. அதே பத்தாண்டில்தான் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் குறைந்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. டவுன்டவுனில் வீடு கிடைக்காது, வெளிப்பகுதியில் வீடு காலியாக நிற்கும். 2017-ல் டவுன்டவுன் கட்டடம் ஒன்றின் கண்ணாடியில் ‘நாங்கள் பார்ப்பதுபோல் டெட்ராய்ட்டைப் பாருங்கள்’ என்ற பொருளில் ஒரு விளம்பரப் படம் வந்தது. படத்தில் இருந்த கூட்டம் பெரும்பாலும் வெள்ளையர். ஊரில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பேர் கறுப்பினத்தவர். சில நாட்களிலேயே படத்தை எடுத்துவிட்டு நிறுவனத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஊர்க்காரர்கள் கேட்ட கேள்வியும் அதே எல்லைக் கேள்விதான்: இந்த நகரத்துக்குள் யாரை எண்ணுகிறீர்கள்?

ஆனால் ஊர்க்காரர் சொல்வதுதான் எப்போதும் கசப்பான எண், பத்திரிகை சொல்வது இனிப்பான எண் என்றும் நினைக்கக் கூடாது. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே சென்சஸ் அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடும் மக்கள்தொகை மதிப்பீடுகளில் டெட்ராய்ட் குறைத்து எண்ணப்படுகிறது என்று நகர நிர்வாகம் நீதிமன்றம் வரை போனது. அவர்கள் காட்டிய காரணம் நுணுக்கமானது. வீடு இடிக்கப்பட்டால் கணக்கிலிருந்து கழிக்கிறீர்கள். பாழடைந்த வீட்டைப் பழுதுபார்த்து ஆள் குடியேறினால் அதைக் கூட்டுவதில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளை இடித்துக்கொண்டே இன்னும் பல வீடுகளைப் பழுதுபார்க்கும் ஊருக்கு அந்த முறை பாதகம். மதிப்பீட்டு முறை திருத்தப்பட்டது. 2024 மே மாதம் வந்த மதிப்பீட்டில் முந்தைய ஆண்டைவிட 1,852 பேர் கூடியிருந்தார்கள். 1957-க்குப் பிறகு முதல் ஏற்றம். முழு நகரத்தையும் எல்லையாக வைத்து எண்ணியது என்பதால், டவுன்டவுன் கோபுரங்களைப் பற்றிய பத்துக் கட்டுரைகளைவிட இந்தச் சிறு எண் கனமானது. அதற்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் ஒரு நாள் செய்தி.

பத்திரிகைகள் போடும் படத்தின் கதை இன்னும் மோசம். ஒஹாயோ மாநிலத்தின் க்ளீவ்லாண்டில் குயாஹோகா ஆறு 1969 ஜூன் 22 அன்று தீப்பிடித்தது. ஆற்றில் மிதந்த எண்ணெய்க் கசிவும் குப்பையும் எரிந்து அரை மணி நேரத்துக்குள் அணைந்துவிட்டது. எரியும்போது யாரும் படம் எடுக்கவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் டைம் இதழ் செய்தி போட்டபோது உடன் வந்த படம் 1952-ல் நடந்த, அதைவிடப் பல மடங்கு பெரிய தீயினுடையது. நாட்டின் நினைவில் தங்கியது அந்தப் படம்தான். அரை நூற்றாண்டாக அந்த ஊர் அதைச் சுமக்கிறது. ஆற்றைச் சுத்தப்படுத்த 1968-லேயே நகர மக்கள் வாக்களித்து 10 கோடி டாலர் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்திருந்தார்கள் என்பது அந்தச் சுமையில் சேரவில்லை.

அதே க்ளீவ்லாண்டுக்குத்தான் 1990-களில் ‘மீண்டெழுந்த நகரம்’ என்ற பட்டமும் கிடைத்தது. 1994-ல் பேஸ்பால் மைதானமும் கூடைப்பந்து அரங்கமும், 1995-ல் ஏரிக்கரையில் ராக் இசை அருங்காட்சியகமும் வந்தன. கேமராவுக்கு அழகான மூன்று கட்டடங்கள். மைதானங்களுக்கான பணத்தில் கணிசமான பகுதி 1990-ல் மாவட்ட அளவில் வாக்கெடுப்பில் வந்த மது, சிகரெட் வரியிலிருந்து போனது. மாவட்டம் மயிரிழையில் ஒப்புக்கொண்டது. நகர எல்லைக்குள் இருந்த வாக்காளர்களில் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றே வாக்களித்தார்கள். 2014-ல் அந்த வரி மேலும் 20 ஆண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. மக்கள்தொகையோ 1990-ல் 5,05,616, 2000-ல் 4,78,403, 2010-ல் 3,96,815. மீண்டெழுந்ததாகச் சொன்ன பத்தாண்டைத் தொடர்ந்த பத்தாண்டில்தான் எண்பதாயிரம் பேர் குறைந்தார்கள். மைதானம் கட்டியதால் போனார்கள் என்று சொல்ல முடியாது. மைதானம் கட்டியது அவர்களைப் பிடித்து நிறுத்தவில்லை என்று சொல்லலாம். உள்ளூர்க்காரர் சொல்வதும் அவ்வளவுதான்.

காசு யாருடையது என்பதில்தான் தேசியக் கட்டுரைகள் மிகவும் மேலோட்டமாக இருக்கின்றன. ‘தனியார் முதலீடு குவிகிறது’ என்ற வாக்கியம் தவறாமல் வரும். அதன் அடியில் பெரும்பாலும் டாக்ஸ் இன்கிரிமென்ட் ஃபைனான்சிங் இருக்கும், சுருக்கமாக டிஃப். இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் கோபம் புரிந்துவிடும்.

ஒரு பகுதிக்கு எல்லை போட்டு, அதற்குள் இருக்கும் சொத்துகளின் இன்றைய மதிப்பை உறைய வைப்பார்கள். எடுத்துக்காட்டாக அந்த மதிப்பு 1 கோடி டாலர், வரி 2 சதவீதம் என்று வையுங்கள். ஆண்டு வரி 2 லட்சம் டாலர். நகரம், பள்ளிகள், நூலகம், மாவட்டம் எல்லாம் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கட்டடங்கள் எழுந்து மதிப்பு 5 கோடியானால் வரி 10 லட்சம் ஆகும். ஆனால் பள்ளிக்கும் நூலகத்துக்கும் அதே பழைய 2 லட்சத்தில்தான் பங்கு. கூடுதலான 8 லட்சம் டவுன்டவுன் வளர்ச்சி ஆணையத்துக்குப் போகும். அதைக் காட்டி ஆணையம் பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்கி, சாலை போடும், வாகன நிறுத்தம் கட்டும், அரங்கம் கட்டும். இது 20, 30 ஆண்டு ஓடும்.

இந்தத் திட்டம் இல்லாவிட்டால் அந்த வளர்ச்சியே வந்திருக்காது என்பதுதான் டிஃப்பின் அடிப்படை வாதம். உண்மையிலேயே பாழடைந்த இடத்தில் அது சரியாக இருக்கலாம். கோளாறு வேறு இடத்தில் வருகிறது. எதுவுமே கட்டாவிட்டாலும் பணவீக்கத்தால் சொத்து மதிப்பு ஏறும். அந்த ஏற்றமும் ஆணையத்துக்குத்தான். புதுக் குடியிருப்புகளுக்குக் காவல், தீயணைப்பு, குப்பை வண்டி எல்லாம் வேண்டும்; அந்தச் செலவு நகரத்தின் பொது நிதியில் விழும், வரவு விழாது. முடிய வேண்டிய ஆண்டு நெருங்கும்போது எல்லையை விரித்துக் காலத்தை நீட்டிவிடுவார்கள். 2017-ல் திறந்த டெட்ராய்ட்டின் லிட்டில் சீசர்ஸ் அரங்கத்துக்கு ஆன செலவு சுமார் 86 கோடி டாலர். அதில் 32 கோடிக்கு மேல் பொதுப்பணம். பள்ளிக்குப் போக வேண்டிய வரியும் அதில் திருப்பப்பட்டது. பள்ளிக்கு அந்த இழப்பை மாநில அரசு ஈடுகட்டுகிறது என்பார்கள். அப்படியானால் மிச்சிகனின் ஏதோ ஒரு மூலையில் இருப்பவரும் அந்த அரங்கத்துக்குப் பணம் தருகிறார் என்று அர்த்தம். அரங்கத்தைச் சுற்றி வருவதாகச் சொன்ன குடியிருப்புப் பகுதிகளில் பெரும்பாலானவை வராமல், வாகன நிறுத்த மனைகளாகவே பல ஆண்டுகள் கிடந்தன. அந்த மனைகளை நாள்தோறும் கடந்து போகிறவருக்கு ‘மறுமலர்ச்சி’ என்று எழுதினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

அந்தக் கோபம் வெறும் புலம்பலாக முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016 நவம்பரில் டெட்ராய்ட் வாக்காளர்கள் ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். 7.5 கோடி டாலருக்கு மேற்பட்ட திட்டம் குறிப்பிட்ட அளவு பொதுச் சலுகை பெற்றால், அக்கம்பக்கத்தார் குழுவோடு உட்கார்ந்து பேச வேண்டும். குழுவுக்குப் போதிய அதிகாரம் இல்லை என்ற குறை சரியானதே. ஆனாலும் கட்டட முதலாளி கேள்விக்குப் பதில் சொல்லும் மேசை ஒன்று சட்டத்தால் உருவாகியிருக்கிறது. இதைப் பற்றிப் பெரிய பத்திரிகைகளில் தேடினால் புதுக் காபிக் கடைகளைப் பற்றி வந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது என்பது என் எண்ணம்.

எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்பதற்கு தெற்கு கரோலினாவின் கிரீன்வில் நல்ல சான்று. பத்து ஆண்டில் நடந்த அதிசயம்போல அதைப் பற்றி எழுதுகிறார்கள். ஆனால் 1970-களிலேயே, மேக்ஸ் ஹெல்லர் மேயராக இருந்தபோது, மெயின் ஸ்ட்ரீட்டை நான்கு தடத்திலிருந்து இரண்டாகக் குறுக்கி, நடைபாதையை அகலப்படுத்தி, மரம் நட்டார்கள். விடுதி 1982-ல், கலையரங்கம் 1990-ல். ரீடி ஆற்று அருவியை மூடிக்கொண்டிருந்த நெடுஞ்சாலைப் பாலத்தை 2002-ல் இடித்தார்கள். இன்று எல்லாப் படத்திலும் வரும் வளைந்த நடைபாலம் 2004-ல்தான் வந்தது. படத்தைப் பார்த்த மற்ற ஊர் அதிகாரிகள் பாலம் கட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். முப்பது ஆண்டு தட நீக்கமும் வாகன நிறுத்தமும் மரமும் படத்தில் விழுவதில்லை.

ஊர்ப்பெருமை எதிர்வினையும் உண்டு. 2011 ஜனவரியில் நியூஸ்வீக் இணையதளத்தில் ‘சாகும் நகரங்கள்’ பட்டியலில் மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் இடம்பெற்றது. அந்த ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் டவுன்டவுனில் கூடி, ஒரே ஓட்டத்தில் ஒரு பாட்டுக்கு வாயசைத்துப் படம் எடுத்து மே மாதம் வெளியிட்டார்கள். உலகமே பார்த்தது. பட்டியல் வேறொரு இணையதளத்தினுடையது, தங்களுடைய மதிப்பீடு அல்ல என்று நியூஸ்வீக் விலகிக்கொண்டது. 2010-ல் 1,88,040 ஆக இருந்த மக்கள்தொகை 2020-ல் 1,98,917. பட்டியல் தவறு, ஊர் சரி. அந்தக் காணொளி அருமையான வேலைதான். ஆனால் அது பட்டியலின் எண்ணைத் தொடவே இல்லை. எந்த ஊரும் எடுக்கக்கூடிய காணொளி அது. உண்மையிலேயே சுருங்கும் ஊரும் எடுக்கலாம்.

பெருந்தொற்றுக்குப் பிறகு சண்டை கைபேசித் தரவுக்கு மாறியது. டொரன்டோ பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வு ஒன்று 62 வட அமெரிக்க டவுன்டவுன்களைக் கைபேசி நடமாட்டத்தை வைத்துத் தரம் பிரித்தபோது சான் பிரான்சிஸ்கோ, 2019-ல் இருந்த நடமாட்டத்தில் 31 சதவீதத்தோடு, கடைசியில் வந்தது. ஒவ்வொரு பத்திரிகையும் அதை எடுத்துப் போட்டது. அந்த ஆய்வு போட்ட எல்லை, அலுவலகங்கள் அடர்ந்த பகுதி; ஒப்பிட்ட அடிப்படை ஆண்டு 2019. கணினி நிறுவன ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊரில் அந்த எல்லைக்குள் எண் விழத்தான் செய்யும். குடியிருப்புத் தெருக்களின் கடைகள் எப்படி இருந்தன என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது. கைபேசித் தரவு தரும் நிறுவனம் மாறினாலே வரிசை மாறும். இதைப் படிப்பவர் முதலில் தேட வேண்டியது ஆய்வின் எல்லை வரைபடம்.

சரி, ஊர்க்காரர் தானே எப்படிச் சரிபார்ப்பது? சென்சஸ் அலுவலகத்தின் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே இலவசமாக இணையத்தில் இருக்கிறது. பி01003 மக்கள்தொகை, பி19013 குடும்ப வருமானத்தின் இடைநிலை, பி25064 வாடகையின் இடைநிலை. இந்த மூன்று அட்டவணை போதும். சராசரியாக 4,000 பேர் கொண்ட ‘டிராக்ட்’ அளவில் எடுங்கள். அந்த அளவுக்கு ஐந்தாண்டுத் தொகுப்புதான் கிடைக்கும். 2014–2018 தொகுப்பை 2019–2023 தொகுப்போடு ஒப்பிடலாம். 2016–2020-ஐ 2018–2022-ஓடு ஒப்பிட்டால் ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மாற்றம் மறைந்துவிடும். டாலர் எண்களைப் பணவீக்கத்துக்குச் சரிசெய்யாமல் ‘வருமானம் உயர்ந்தது’ என்று எழுதுவது மிகப் பொதுவான பிழை. 2020-ல் பல டிராக்டுகள் உடைக்கப்பட்டதால் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே நிலமா என்று தொடர்புக் கோப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது மாதிரிக் கணக்கெடுப்பு என்பதால் எல்லா எண்ணுக்கும் பக்கத்தில் பிழை எல்லை, அதாவது உண்மை எண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற அளவு, இருக்கும். அதைப் பார்க்காமல் கடந்துவிடாதீர்கள். வாடகை 1,150 டாலர், பிழை எல்லை 210. பிறகு 1,300, பிழை எல்லை 240 என்று வையுங்கள். வித்தியாசம் 150. இரண்டு பிழை எல்லைகளையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 319 வரும். 150 அதைவிடச் சிறியது. வாடகை உயர்ந்தது என்று இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. உயரவில்லை என்றும் சொல்ல முடியாது. பக்கத்து டிராக்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் பிழை எல்லை சுருங்கும். ஆனால் இடைநிலை எண்களைச் சும்மா கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. வாடகைப் பிரிவு வாரியாக எத்தனை வீடு என்ற அட்டவணையிலிருந்து திரும்பக் கணக்கிட வேண்டும்.

வரிச் சலுகைக்கு நகரத்தின் ஆண்டு நிதி அறிக்கையைத் திறந்து, ‘டாக்ஸ் அபேட்மென்ட்ஸ்’ என்ற குறிப்பைத் தேடுங்கள். அரசுக் கணக்கியல் வாரியத்தின் 77-ஆம் விதி 2015-ல் வந்த பிறகு, சலுகையால் எவ்வளவு வரி போனது என்று அங்கே எழுதியாக வேண்டும். பள்ளி மாவட்டம் தனி அறிக்கை போடும். அதையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிதான் தெரியும். டிஃப்பில் திருப்பப்பட்ட தொகை பல ஊர்களில் இந்தக் குறிப்பில் வராது. அதற்கு வளர்ச்சி ஆணையத்தின் சொந்த ஆண்டறிக்கை வேண்டும்.

இவ்வளவும் கையில் இருந்தால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதலாம். திருத்தப் பிரிவு எண், ஆண்டு, பெயர், படத்தின் தேதி ஆகியவற்றை மட்டும்தான் பார்க்கும். தவறான வாக்கியத்தை அப்படியே எடுத்துக்காட்டி, சரியான எண்ணையும் அட்டவணைக் குறியீட்டையும் கீழே போட்டால் போதும். பார்வை கோணலாக இருக்கிறது என்ற குறைக்கு ஆசிரியருக்குக் கடிதம் பகுதி. 150 முதல் 200 சொல்லுக்குள், வெளியான ஒரு வாரத்துக்குள், ஒரே ஒரு விஷயம். ஐம்பது பேர் ஒரே வாசகத்தை அனுப்பினால் ஒன்றுகூட வெளிவராது. நிருபர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டுத் திட்டினால் கடிதம் அதோடு முடிந்தது.

இதைவிடப் பயன் தருவது அடுத்த நிருபர் வருவதற்கு முன்பே செய்து வைக்கும் வேலை. குடியிருப்போர் சங்கங்கள் சேர்ந்து இரண்டு பக்கத் தாள் ஒன்றைத் தயாராக வைக்கலாம். முதல் பக்கத்தில் நகரத்தின் முழு எல்லையும் அதற்குள் டவுன்டவுன் எல்லையும் ஒரே அளவுகோலில் வரைந்த வரைபடம். பின்பக்கத்தில் டவுன்டவுனுக்கு வெளியே நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் பேச ஒப்புக்கொண்ட இருவர், அங்கே போகும் பேருந்து எண், ஐந்தாண்டுத் தொகுப்பிலிருந்து மூன்று எண்கள் பிழை எல்லையோடு. நல்லதாக மாறிய எண்ணையும் அதில் போட வேண்டும். கெட்டதை மட்டும் போட்டால் நிருபர் தாளை மடித்து வைத்துவிட்டு வணிகர் சங்கத்தின் காரில் ஏறிவிடுவார். ஐந்தாண்டுத் தொகுப்பு வழக்கமாக டிசம்பரில் வெளிவரும். ஜனவரியில் எண்களை மாற்றி, தாளின் மேல் மூலையில் மாதமும் ஆண்டும் போட்டுவிட்டால் அடுத்த டிசம்பர் வரை அது போதும்.